"ரெண்டுமே 65 வாட்தாண்ணா" என்றார், 18,500 ரூபாய் போனது

18,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். பாப்பாவின் இரண்டாம் டேர்ம் ஃபீஸுக்கு என்று எடுத்துவைத்திருந்த பணம். கேம் திக்குகிறது என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பணத்தை ஒரு கடையில் கொடுத்துவிட்டு, முன்பைவிட மோசமாகத் திக்கும் கம்ப்யூட்டரோடு திரும்பி வந்தேன். கோளாறு உண்மையில் எங்கே இருந்தது என்று நேற்று ராத்திரிதான் தெரிந்தது. தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் எனக்குத் தொழில் இல்லை. பாப்பா தூங்கிய பிறகு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கேம் விளையாடுவேன். சிகரெட் இல்லை, குடி இல்லை, இது ஒன்றுதான். 2023ல் வாங்கிய டெஸ்க்டாப்: இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸர், அது உட்காரும் எச்610 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் வீடு மாற்றினோம். டாட்டா ஏஸில் பீரோவுக்கும் அடுப்புக்கும் நடுவில் கேபினெட்டை நிற்க வைத்துத்தான் கொண்டுவந்தேன். புது வீட்டில் போட்ட முதல் நாளே கேம் திக்க ஆரம்பித்தது. தொடங்கி இரண்டு மூன்று நிமிடம் சரியாக இருக்கும். அப்புறம் கார் ஒரு வளைவில் திரும்பினால் படம் அரை விநாடி அப்படியே நிற்கும், திடீரென்று பத்தடி தள்ளிப் போயிருக்கும். ஃபேன் சத்தம் மாவு மில் மாதிரி. வீடு மாற்றிய பிறகுதான் இப்படி என்பதை நினைவில் வையுங்கள். நான் கடையிலும் முதல் வாக்கியமாக இதைத்தான் சொன்னேன்.

எந்த ஊர், எந்தக் கடை என்று இங்கே எழுதவில்லை. புகார் கொடுக்கப்போகிறோம், அதுவரை பெயரைப் போட்டு வம்பு வளர்க்காதே என்று மச்சான் சொல்லிவிட்டான். ரீல் போட்டே கூட்டம் சேர்க்கும் கேமிங் பிசி கடை. முதல் மாடி, கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாகக் கலர் லைட் எரியும் கேபினெட்டுகள். ஒரு ரீலில் கடைக்காரப் பையன், "மத்த கடையில ஏமாந்துட்டு எங்ககிட்ட வராதீங்க, முதல்லயே எங்ககிட்ட வாங்க" என்பான். அதைப் பார்த்துத்தான் போனேன்.

போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினேன். கேம் திக்கும்போது திரையின் மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை (விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்பது), சூடு எல்லாம் காட்டும் வரிசையோடு மொபைலில் எடுத்த படம். "நேர்ல வாங்கண்ணா, பாத்துக்கலாம்" என்று பதில், கூடவே ஒரு இதயம். புறப்படும்போது மச்சான் இன்னொன்றும் சொன்னான்: கடையில் பார்ட் மாத்திவிடுவார்கள், உள்ளே இருப்பதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போ. கதவைக் கழற்றி நாலு படம் எடுத்தேன். எதற்காக எடுத்தேனோ அதற்கு அந்தப் படங்கள் உதவவே இல்லை. ஆனால் பின்னால் அதில் ஒன்றுதான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமானது.

கடையில் நான் எப்படி விழுந்தேன் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. லாரி ஆபீஸில் உட்கார்ந்து டீசல் கணக்கு பார்ப்பவனுக்கு யார் பொய் சொல்கிறார்கள் என்று ஓரளவு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். போனதும் டீ வந்தது. கேபினெட்டைத் திறந்து பிளோயரால் தூசியை ஊதினான். எவ்வளவு என்று கேட்டதற்கு, "தூசிக்கெல்லாம் காசு வாங்க மாட்டோங்கண்ணா" என்றான். அப்புறம் சொன்னதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. "வேற கடைக்குப் போயிருந்தா கிராபிக்ஸ் கார்டை மாத்தச் சொல்லியிருப்பாங்கண்ணா. 30,000 ரூபாய் தண்டம். உங்க கார்டு தங்கம், அதை மாத்தாதீங்க." செலவு வைக்காதே என்று சொல்கிற கடைக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த நிமிடமே நான் அவன் கையில். அவன் அடுத்து எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை என் கண் முன்னாலேயே புதுப்பித்தான். பிறகு நான் விளையாடும் கேமைத் திறந்தான். மெனு வருவதற்கு முன் "ஷேடர் தயாராகிறது" என்று (ஷேடர் என்றால் ஒளி, நிழல், நிறத்தை வரையச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள்) ஒரு கோடு மெதுவாக நகரும் அல்லவா, அந்த இடத்தில் டாஸ்க் மேனேஜரை மேலே கொண்டுவந்து காட்டினான். சிபியு, அதாவது பிராசஸர், 100 சதவீதம். அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஆறு கோரும் உச்சியில். "பாருங்கண்ணா, கேமே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள மூச்சு வாங்குது. பிராசஸருக்குப் பவர் பத்தலைங்கண்ணா."

படம் பிடித்து மாட்டியதுபோல் அந்த 100 மனதில் உட்கார்ந்துவிட்டது. இப்போது தெரிகிறது. ஷேடர் தயாரிக்கும் வேலை என்பதே இருக்கிற கோர்களை எல்லாம் முழுசாகப் பிடித்து ஓட்டும் வேலை. எட்டு கோர் இருந்தாலும் பன்னிரண்டு கோர் இருந்தாலும் அந்த நேரத்தில் 100தான் காட்டும். டிரைவரைப் புதுப்பித்தால் பழைய ஷேடர் செல்லாமல் போய், கேம் மறுபடி முதலிலிருந்து தயாரிக்கும். அதற்காகத்தான் முதலில் டிரைவரைப் புதுப்பித்தான் என்று நான் இப்போது நம்புகிறேன். பல் டாக்டர் ஈறில் குத்திவிட்டு "ரத்தம் வருது பாருங்க" என்று சொல்வதுபோல.

ஐ7-12700எஃப் போடலாம் என்றான். 12 கோர். புதுசு, ஆனால் டிரே பீஸ், பெட்டி இருக்காது, அதனால் விலை குறைவு, 24,500. என் ஐ5ஐ 7,000க்கு எடுத்துக்கொள்வார்கள். மாட்டுக்கூலி, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் எல்லாம் சேர்த்து 1,000. ஆகமொத்தம் 18,500.

நான் ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டேன். "தம்பி, என் போர்டு சின்ன போர்டாச்சே, தாங்குமா?" அதற்கு வந்த பதிலைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். "ரெண்டுமே 65 வாட்தாண்ணா. கம்பெனி சப்போர்ட் லிஸ்ட்லயும் இருக்கு." மொபைலில் பக்கத்தையும் திறந்து காட்டினான். உண்மையாகவே 65 என்று இருந்தது. பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் கொடுமை.

அந்த 65 என்பது அடிப்படை வேகத்தில் ஓடும்போது. அதே பக்கத்தில் அடுத்த வரியில் டர்போ வேகத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்று போட்டிருக்கும். ஐ5க்கு 117 வாட், ஐ7க்கு 180 வாட். விரலால் திரையைத் தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும். அவன் தள்ளவில்லை, நானும் தள்ளவில்லை.

பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி கூட வருங்கண்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு, வாரண்டி நான் இருக்கேன்ல" என்றான். எஸ்டிமேட் என்று அச்சடித்த சின்னத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தான். 10,000 ஜிபேயில் அனுப்பினேன். 8,500 ரொக்கம். ஜிபேகூடக் கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு அதையும் கவனிக்கவில்லை.

மாட்டி முடித்து அங்கேயே ஓட்டிக் காட்டினார்கள். ஏசி அறை, கேபினெட் கதவு திறந்தே இருந்தது, பத்து நிமிடம். 120 ஃபிரேம், ஒரு திக்கல் இல்லை. "பறக்குதுங்களாண்ணா?" என்றான். பறந்தது. நான் அவனுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பதினான்காவது நிமிடம். 110ல் ஓடிக்கொண்டிருந்தது ஒரே அடியாக 12க்கு விழுந்தது. முன்பு இருந்தது அரை விநாடித் திக்கல். இது ஐந்தாறு விநாடி, கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல் ஒவ்வொரு படமாக வருகிறது. பிறகு தானாகச் சரியாகும், ஒரு நிமிடத்தில் மறுபடி விழும். கேபினெட்டின் மேலே கை வைத்தால் இஸ்திரிப் பெட்டி. வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க, 18,500 ரூபாய்க்கு ஹீட்டர் வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள்.

அப்புறம் கடைக்காரர்களின் பதில்கள். வரிசையாகவே சொல்கிறேன், எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

முதல் நாள்: விண்டோஸைப் புதுசாகப் போடுங்கண்ணா. போட்டேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. மாறவில்லை. இரண்டாவது: அந்த கேமே அப்படித்தாண்ணா, ஆப்டிமைஸ் பண்ணல. வேறு மூன்று கேமில் ஓட்டி வீடியோ அனுப்பினேன், மூன்றிலும் அதே கதை. மூன்றாவது: உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்லைங்கண்ணா, நல்ல யுபிஎஸ் போடுங்க. எங்கள் ஊர் வோல்டேஜைப் பற்றி முப்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு தெரிந்துவைத்திருக்கிறான். நான்காவது: பிராசஸர் பிரச்சினைனா நீங்க இன்டெல்லதாண்ணா கேக்கணும். டிரே பீஸுக்கு வாரண்டியை விற்ற கடைதான் பார்க்க வேண்டும் என்று விசாரித்துவிட்டுச் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் வரவில்லை.

சரி, போதும், என் பழைய ஐ5ஐக் கொடுத்துவிடுங்கள், பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இறங்கிப் போனேன். "அது அன்னிக்கே வித்துப்போச்சுங்கண்ணா." ஓனரிடம் பேசலாமா? "ஓனர் திருப்பதி போயிருக்காருங்கண்ணா." அடுத்த வாரம் கேட்டபோதும் ஓனர் திருப்பதியில்தான் இருந்தார். நடந்தே போனார்போல.

கடைசியாக நேரில் போனேன். அதே பையன். இந்த முறை டீ வரவில்லை. போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னான்: "உங்க போர்டு சின்ன போர்டுங்கண்ணா. இந்த பிராசஸருக்கு இது தாங்காது. பி760 போர்டு போடுங்க, 13,500 ஆகும்." நான் அவனிடம் கேட்ட அதே கேள்வி, இப்போது அவன் வாயிலிருந்து பதிலாக வருகிறது, அதற்கும் ஒரு விலையோடு. "அன்னிக்கு 65 வாட்னு சொன்னியே தம்பி" என்றேன். "65 வாட்தாண்ணா. டெமோவுக்கு ஃபுல் பவர் திறந்து விட்டோம், அதை மூடல" என்றான். வாய் தவறிச் சொன்னானோ, சாதாரணமாகத்தான் சொன்னானோ, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆபீஸில் பில்லிங் கம்ப்யூட்டர் பார்க்க வரும் பையன் எச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளை ஓட்டச் சொன்னான். கேமைச் சின்ன விண்டோவில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அதைத் திறந்து உட்கார்ந்தேன். பதினான்காவது நிமிடம் வரை பிராசஸர் 95 வாட் இழுக்கிறது, 4,500 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. திடீரென்று 800 மெகாஹெர்ட்ஸ். வாட் தரைக்கு வந்துவிட்டது. பிராசஸர் ஏன் வேகத்தைக் குறைத்தது என்று காரணம் காட்டும் பகுதி ஒன்று அதில் இருக்கிறது. அதில் "விஆர் தெர்மல் அலர்ட்" என்ற வரியில் மட்டும் "ஆம்".

விஆர் (வோல்டேஜ் ரெகுலேட்டர்) என்பது போர்டில் பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஏறக்குறைய 1.2 வோல்ட்டாக இறக்கிப் பிராசஸருக்குக் கொடுப்பது அதுதான். வோல்ட் இறங்கினால் ஆம்பியர் ஏறும். 95 வாட்டை 1.2ஆல் வகுத்துப் பாருங்கள், எண்பது ஆம்பியர். என் போர்டில் அந்தச் சில்லுகளின் மேல் ஒரு அலுமினியத் துண்டுகூடக் கிடையாது, மொட்டையாக நிற்கின்றன. சூடு எல்லை மீறியதும் போர்டு அலறுகிறது, பிராசஸர் பயந்து 800க்கு இறங்குகிறது, சூடு ஆறுகிறது, மறுபடி ஏறுகிறது. ஏசி அறையில் கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் இது எப்படித் தெரியும்?

முப்பது வருடம் லாரி ஓட்டிய பெரிய மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே நொடியில் புரிந்தது. "மாப்ளே, பத்து டயர் வண்டி எஞ்சினைக் கொண்டாந்து டாட்டா ஏஸ் டீசல் பம்புல மாட்டியிருக்கான். மேட்டுல ஏறுமா?" இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம்.

போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். பவர் லிமிட் என்ற இடத்தில் 4095 வாட் என்று இருந்தது. 4095 வாட்டில் இட்லிக் கடையே நடத்தலாம். வரம்பு இல்லாமல் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள். நீண்ட நேர வரம்பு, குறுகிய நேர வரம்பு இரண்டையும் 65 ஆக்கினேன். சேமித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் விளையாடினேன். ஒரு திக்கல் இல்லை.

சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? 65 வாட்டில் ஓடும் ஐ5 ஏற்கெனவே என்னிடம் இருந்தது. 18,500 கொடுத்து வாங்கியதைக் கட்டிப்போட்டுத்தான் அந்த இடத்துக்குத் திரும்ப வந்திருக்கிறேன்.

அப்படியானால் முதலில் ஏன் திக்கியது? இந்தக் கேள்விதான் நேற்று ராத்திரி. வாட்ஸ்அப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனேன். கடைக்கு நான் அனுப்பிய அந்த முதல் படம். மூலையில் சிபியு சூடு: 99 டிகிரி. ஐ5-12400எஃப்புக்கு எல்லையே 100. 99 டிகிரி என்று எழுதிய படத்தை நானே அனுப்பியிருக்கிறேன், அவர்கள் அதற்கு ஒரு இதயம் போட்டிருக்கிறார்கள்.

பிறகு மச்சான் சொல்லி எடுத்த அந்த நாலு படங்கள். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினேன். இன்டெல்லோடு வரும் அந்த வட்டக் கூலருக்கு நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் பின் இருக்கும், அமுக்கினால் டக் என்று போர்டில் மாட்டிக்கொள்ளும். மூன்று பின் உள்ளே இருக்கிறது. நான்காவது, ரேம் பக்கம் இருப்பது, அரை விரல் மேலே எழும்பி நிற்கிறது. டாட்டா ஏஸில் எங்கோ ஒரு பள்ளத்தில் கழன்றிருக்க வேண்டும். கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பிராசஸரில் சரியாக உட்காரவில்லை. அதனால் சூடு, சூட்டால் வேகம் குறைந்து திக்கல். கட்டைவிரலால் ஒரு அமுக்கு. கூடிப்போனால் நூறு ரூபாய் பேஸ்ட்.

பிளோயரை வைத்து அந்தக் கூலரைச் சுற்றித்தான் அவன் ஊதினான். அவன் கண்ணில் அது படவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. பார்த்துக்கொண்டே "தூசிக்குக் காசு வேண்டாம்" என்றிருக்கிறான்.

புகார் விஷயம். ஆபீஸுக்கு வரும் வக்கீல் குமாஸ்தாவிடம் காலையில் பேசினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதலில் அங்கே பதிவு செய்யச் சொன்னார். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். ஆனால் ஜிபேயில் போன 10,000க்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 8,500க்கு அந்த எஸ்டிமேட் தாள் ஒன்றுதான், அதிலும் கடைப் பெயர் இல்லை. குமாஸ்தா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, அவசரமாகச் சில மட்டும்.

கேம் திக்கினால் பிராசஸரை மாற்றும் முன் அதன் சூட்டைப் பாருங்கள். நூறை ஒட்டி இருந்தால் கூலரின் நாலு பின்னையும் பாருங்கள், வண்டியில் ஏற்றி இறக்கியிருந்தால் கட்டாயம் பாருங்கள். ஷேடர் தயாராகும்போது காட்டும் 100 சதவீதத்தை நம்பாதீர்கள். 65 வாட் என்று யாராவது சொன்னால் அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள். கடையில் ஓட்டிக் காட்டினால் கதவை மூடி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பழைய பிராசஸரைப் பத்து நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், 18 சதவீதம் போனால் போகட்டும்.

1915க்கு இன்று மத்தியானம் அழைக்கிறேன். சற்று முன் அந்தக் கடையிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "பி760 ஸ்டாக் வந்துருச்சுங்கண்ணா, எடுத்து வைக்கட்டுங்களா?"